அடைத்த டிரிப்பர்: ஆசிட் தோற்று லெமன் சால்ட் ஜெயித்தது ஏன்?

கேள்வி: தங்கச்சிமடம் பக்கம் 50 சென்ட்டில் குண்டுமல்லி தாய்ச்செடி வைத்து நாற்று எடுத்து விற்கிறேன். கிணற்றுத் தண்ணீர், சொட்டுநீர்ப் பாசனம். மூன்று வருடத்தில் பாதி டிரிப்பர் வெள்ளையாகப் பூத்து அடைத்துவிட்டது. குழாய் போட்டவர் சொன்னபடி ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாங்கி, பி.ஹெச். தாளில் 4 காட்டும் அளவுக்குக் கலந்து இரண்டு தடவை விட்டேன். பெரிய மாற்றம் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் லெமன் சால்ட்டை அதே 4 காட்டும்படி கலந்து விட்டார். அவருக்கு அடைப்பு எடுபட்டுவிட்டது. பிளஸ் டூ படிக்கும் என் மகள், "அப்பா, ஹைட்ரோகுளோரிக் வலிமையான அமிலம், சிட்ரிக் வலிமை குறைந்த அமிலம்" என்கிறாள். அப்படியிருக்க வலிமை குறைந்தது ஜெயித்தது எப்படி? நான் ஆசிட்டை இன்னும் கூட்டி ஊற்றலாமா? தண்ணீர் ஆய்வு முடிவை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் மகள் சொன்னது சரி. உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் செய்ததும் சரி. குழாய் போட்டவர் சொன்னதில் பாதிதான் சரி. பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் இந்த இதழில் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

முதலில் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ராமேஸ்வரம் தீவின் மணலுக்கு அடியில் இருப்பது பழைய பவளப்பாறையும் சிப்பித் தூளும். பாம்பன் கரையோரம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டுமே சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணீரில் அது லேசில் கரையாது. ஆனால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேரும் நுண்ணுயிரும் மூச்சுவிட்ட கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு கார்பானிக் அமிலமாக மாறுகிறது. சோடா பாட்டிலில் இருக்கும் அதே அமிலம்தான். குடித்தால் நாக்கில் லேசாகச் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட அமிலம்தான் பல காலமாகப் பாறையைக் கரைத்துப் பைகார்பனேட்டாக உங்கள் கிணற்றில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்தத் தண்ணீர் டிரிப்பர் வாயில் வந்து நிற்கும்போது கரியமில வாயு காற்றோடு போய்விடுகிறது. வெயில் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. உங்கள் டிரிப்பருக்குள் உட்கார்ந்திருப்பது பவளப்பாறையின் ஒரு துண்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆய்வு முடிவில் கார அமில நிலை 8.1, பைகார்பனேட் லிட்டருக்கு 6 மில்லி ஈக்குவலன்ட் என்று இருக்கிறது. பைகார்பனேட் 2-ஐத் தாண்டி, கார அமில நிலையும் 7.5-க்கு மேல் இருந்தாலே சொட்டுக்குழாயில் சுண்ணாம்பு படிய வாய்ப்பு உண்டு. உங்களுக்கு 6. மூன்று வருடம் தாங்கியதே பெரிது.

அடைப்பு சுண்ணாம்புதானா என்பதை ஆசிட் வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு டிரிப்பரைப் பிரித்து உள்ளே இருக்கும் படிவைச் சுரண்டி, அதன் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. நுரைக்காமல் வழவழப்பாக, பாசி நாற்றத்தோடு இருந்தால் அது நுண்ணுயிர்க் கசடு. அதற்கு வைத்தியம் வேறு. மணலாக இருந்தால் வடிகட்டியைப் பாருங்கள். உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் லெமன் சால்ட் வேலை செய்திருப்பதால் உங்களுக்கும் சுண்ணாம்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் சோதித்துவிடுங்கள்.

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். 'வலிமை' என்ற சொல்தான் ஆளைக் குழப்புகிறது. நாம் பேச்சில் வலிமையான ஆசிட் என்றால் தோலைப் பொசுக்கும் ஆசிட் என்று நினைக்கிறோம். வேதியியலில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. ஒரு அமிலத்தைத் தண்ணீரில் விட்டதும் தன்னிடம் உள்ள ஹைட்ரஜனில் எவ்வளவு பங்கை அவிழ்த்து விடுகிறது என்பதுதான் வலிமை. ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், பேட்டரியில் ஊற்றும் கந்தக அமிலம் ஆகியவை அவிழ்த்துவிடும் ரகம். கந்தக அமிலத்தில் இரண்டாவது ஹைட்ரஜன் மட்டும் கொஞ்சம் தயங்கும், அது இப்போது வேண்டாம். வினிகரில் உள்ள அசிட்டிக், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக், புளியில் உள்ள டார்டாரிக், மோரில் உள்ள லாக்டிக் ஆகியவை கையை இறுக்கி வைத்துக்கொள்ளும் ரகம். வினிகரில் 1000 அசிட்டிக் அமில மூலக்கூறு இருந்தால் ஒரு நேரத்தில் ஹைட்ரஜனை விட்டிருப்பது நாலோ ஐந்தோதான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு அமிலம் கலந்திருக்கிறது என்பது செறிவு. அடர் அமிலம், நீர்த்த அமிலம் என்கிறோமே, அது. இது தனிக் கணக்கு. வலிமையான அமிலத்தை நீர்க்க வைக்கலாம். வலிமை குறைந்த அமிலத்தை அடர்வாகவும் வாங்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்தால் டிரிப்பரும் அடைபடும், கையும் வெந்துபோகும்.

நம்மூர்க் கண்மாயை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். கரை உடைந்த கண்மாயில் இருந்த தண்ணீர் முழுவதும் வெளியே வந்துவிடும். வாய்க்காலில் ஓடுவதுதான் மொத்தச் சரக்கு, பின்னால் ஒன்றும் இல்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்த மாதிரி. மடையை லேசாகத் திறந்து வைத்த கண்மாயில், வாய்க்காலில் ஓடுவது கொஞ்சம்தான், ஆனால் வயல் இழுக்க இழுக்க உள்ளே இருந்து வந்துகொண்டே இருக்கும். சிட்ரிக் அமிலம் அந்த மாதிரி. பி.ஹெச். தாள் என்பது வாய்க்காலில் குச்சி விட்டு ஆழம் பார்ப்பது. அது கண்மாய்க்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லாது. இரண்டு வாய்க்காலிலும் ஆழம் 4 என்றே காட்டும். ஆனால் ஒன்றின் பின்னால் கண்மாய் காலி, மற்றதன் பின்னால் தண்ணீர் நிற்கிறது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கடையில் விற்கும் 5 சதவீத வினிகரில் தாளை விட்டால் ஏறக்குறைய 2.4 காட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை வெறும் 0.4 மில்லி விட்டாலும், தண்ணீரில் பைகார்பனேட் இல்லாவிட்டால், அதே 2.4 காட்டும். இரண்டிலும் ஒவ்வொரு கிளிஞ்சலைப் போட்டு வையுங்கள். ஆசிட் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். வினிகரில் மறுநாளும் குமிழி வரும். அந்த ஆசிட் தண்ணீரைப் போல ஏறத்தாழ 200 மடங்கு சுண்ணாம்பைக் கரைக்கும் சரக்கு வினிகரில் இருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைக்கு நல்ல செய்முறை இது. ஒரு லிட்டர் மழைத் தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ எடுத்துச் செய்யச் சொல்லுங்கள். ஆசிட்டை ஊற்றுவது மட்டும் நீங்களாக இருங்கள்.

இப்போது உங்கள் தோட்டத்துக் கணக்குக்கு வருவோம். உங்கள் மோட்டார் மணிக்கு 6000 லிட்டர் தள்ளுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 15 நிமிடம் அமிலத் தண்ணீர் விட்டால் 1500 லிட்டர். கடையில் கிடைக்கும் 30 முதல் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 10 ஈக்குவலன்ட் அமிலம் இருக்கும். 1500 லிட்டரில் உள்ள பைகார்பனேட்டை மடக்கி 4-க்குக் கொண்டுவர 900 மில்லி போதும். நீங்கள் ஊற்றியதும் அதுதான். ஆனால் அந்த 900 மில்லியும் எங்கே போனது? தண்ணீரில் இருந்த பைகார்பனேட்டை மடக்கவே சரியாகப் போய்விட்டது. 4 என்று தாள் காட்டிய நேரத்தில் மிச்சமிருந்த அமிலம், மொத்த 1500 லிட்டருக்கும் சேர்த்து, 7 கிராம், மிஞ்சினால் 8 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். (கிளம்பிய கரியமில வாயுவும் குழாய்க்குள் கொஞ்சம் கரைக்கும், ஆனால் டிரிப்பர் வாயில் அது ஓடிப்போய்விடும்.) நூற்றுக்கணக்கான டிரிப்பரில் ஆளுக்கு அரை கிராம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 8 கிராம் என்ன செய்யும்?

பக்கத்துத் தோட்டக்காரர் அதே 4-க்கு வர 1500 லிட்டருக்கு 2 கிலோவை ஒட்டி லெமன் சால்ட் போட்டிருப்பார். ஏன் இவ்வளவு என்றால், சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று ஹைட்ரஜன் உண்டு. கார அமில நிலை 4-ல் அதில் ஒன்றைத்தான் விட்டிருக்கும். மற்ற இரண்டும் கண்மாய்க்குள் நிற்கும் தண்ணீர். குழாய்க்குள் சுண்ணாம்பு கிடைத்ததும் இரண்டாவதை விடும், மூன்றாவதிலும் பாதியை விடும். கணக்குப் போட்டால் 1500 லிட்டரில் 600 கிராமுக்கு மேல் சுண்ணாம்பைக் கரைக்கும் இருப்பு அதில் இருந்திருக்கிறது. தாளில் அதே 4, கரைப்பதில் 80 மடங்கு வித்தியாசம்.

அப்படியானால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மட்டமா என்றால், இல்லை. அளவுகோல்தான் தவறு. அடைப்பு வராமல் தடுக்க 4 போதும். ஏற்கெனவே கட்டிப்போன சுண்ணாம்பை எடுக்க ஹைட்ரோகுளோரிக் என்றால் 2 வரை இறக்க வேண்டும். அதற்கு 1500 லிட்டருக்கு 2.4 லிட்டர் ஆசிட் ஆகும், ஏறக்குறைய 750 கிராம் சுண்ணாம்பு கரையும். விலையில் இதுதான் மலிவு. பெரிய தோப்பு, பழகிய ஆள், சரியான வென்சுரி எல்லாம் இருந்தால் நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் உங்கள் 50 சென்ட்டுக்கு என் யோசனை லெமன் சால்ட்தான். காசு கொஞ்சம் கூடும். ஆனால் அளவு ஒரு கை கூடிப்போனாலும் ஹைட்ரோகுளோரிக் போல மடமடவென்று 2-க்கும் 1-க்கும் கீழே பாயாது, மெதுவாகத்தான் இறங்கும். தூள் என்பதால் தெறிக்காது, புகையாது. கரைக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்னொன்று, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் செல்வது குளோரைடு. உப்புக்காற்று அடிக்கும் தீவில், ஏற்கெனவே குளோரைடு உள்ள கிணற்றில், மல்லிக்கு அதை அடிக்கடி கூட்டிக் கொடுக்க எனக்கு மனமில்லை. வருடம் ஒரு தடவை என்றால் பாதகமில்லை.

வினிகர் ஊற்றலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதே 1500 லிட்டரை 4-க்கு இறக்க 5 சதவீத வினிகர் 75 லிட்டர் வேண்டும். ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை: என் கணக்கை அப்படியே நம்பி ஊற்றாதீர்கள். கடைச் சரக்கின் வீரியம் கடைக்குக் கடை மாறும். குளியலறைக்கு என்று வண்ணம் சேர்த்து விற்பதில் வீரியம் பாதிகூட இருக்காது, சோப்புச் சரக்கும் கலந்திருக்கும். அதனால் 10 லிட்டர் கிணற்றுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, லெமன் சால்ட்டை 2 கிராம், 2 கிராமாகப் போட்டுக் கலக்கித் தாள் வைத்துப் பாருங்கள். 12, 13 கிராமில் 4 வந்தால் உங்கள் ஆய்வு முடிவும் சரக்கும் சரி. அந்த வாளிக் கணக்கை 150-ஆல் பெருக்கினால் 1500 லிட்டருக்கான அளவு.

முதலில் குழாய் முனைகளைத் திறந்து விட்டு, கசடு போகும்வரை வெறும் தண்ணீரை ஓட்டுங்கள். செடி அடியில் மண் ஈரமாக இருக்கும் நாளில் செய்யுங்கள். இரும்பு வடிகட்டியைத் தாண்டிய இடத்தில் அமிலக் கரைசலை உள்ளே விடுங்கள். பி.வி.சி.க்கும் கருப்புக் குழாய்க்கும் ஒன்றும் ஆகாது, பித்தளையும் துத்தநாகப் பூச்சும் அரிக்கும். கடைசி டிரிப்பரில் தாள் வைத்து 4 வந்ததைப் பார்த்த பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். ஒரு இரவு ஊறட்டும். மறுநாள் காலை முனைகளைத் திறந்து நன்றாக ஓட்டிக் கழுவுங்கள். லெமன் சால்ட் போட்டவர்கள் இரண்டு நாள், மூன்று நாள் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. கரைந்த சுண்ணாம்பும் சிட்ரிக்கும் சேர்ந்து வேறொரு படிவாக உட்கார்ந்துவிடும். முழுதாக அடைத்துப்போன டிரிப்பருக்குள் எந்த அமிலத் தண்ணீரும் நுழையாது. அவற்றைக் கழற்றி, வாளித் தண்ணீரில் லிட்டருக்கு 50 கிராம் லெமன் சால்ட் கலந்து ஓர் இரவு ஊறப்போட்டு, மறுபடி மாட்டுங்கள்.

இனிச் சொல்வது ஆசிட் தொடும் எல்லாருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில், பாசிக்கசடு எடுக்கப் பிளீச்சிங் பவுடர் கரைத்த அதே தொட்டியை அலசாமல் அதிலேயே ஆசிட்டை ஊற்றினார்கள். மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பியது. குளோரின் வாயு. அங்கே நின்ற இரண்டு பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள். திறந்த வெளி என்பதால் பிழைத்தார்கள், ஒருவருக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. மோட்டார் அறைக்குள் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. முந்தின வாரம் அவர்களுக்குப் பிளீச்சிங் பவுடர் சொன்னது நான்தான். தொட்டியை அலசச் சொல்ல மறந்தேன். அன்றிலிருந்து இதை மறப்பதில்லை. லெமன் சால்ட்டானாலும் வினிகரானாலும் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் இதே வாயுதான் வரும். வலிமை குறைந்தது என்ற பெயர் இங்கே காப்பாற்றாது. இரண்டு வைத்தியமும் தேவைப்பட்டால் நடுவில் ஒரு நாள் வெறும் தண்ணீர் ஓட்டி, தொட்டியைக் கழுவிய பிறகே அடுத்தது.

அடர் ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரை ஆசிட்டில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கந்தக அமிலத்தில் இது மிகவும் மோசம். கண்ணாடி, ரப்பர் கையுறை வேண்டும். பட்டுவிட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் டாக்டர். அடர் அசிட்டிக் அமிலமும் தோலை வேகவைக்கும், வினிகரின் பெரிய அண்ணன்தானே என்று கையில் எடுக்காதீர்கள். மிச்ச ஆசிட்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதைக் கண்டால் உடனே அப்புறப்படுத்துங்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம், ஆசிட் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, என்ன காரணத்துக்கு என்று பதிவேட்டில் எழுதி, 18 வயதுக்குட்பட்டவருக்குக் கொடுக்காமல்தான் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே கடைக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள், ஆதார் அட்டையோடு நீங்களே போங்கள்.

கேள்வி: திருப்புல்லாணி பக்கம் எங்கள் முண்டு மிளகாய் நிலத்தில் மண் ஆய்வில் கார அமில நிலை 8.6 என்று வந்தது. சுண்ணாம்புச் சத்து அதிகம் என்றும் எழுதியிருக்கிறது. ஆசிட்டைத் தண்ணீரோடு பாய்ச்சினால் மண் சரியாகும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதில் 1 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே 9 டன். அதை மடக்க 18,000 லிட்டர் ஆசிட் வேண்டும். ஊற்றினாலும் மிஞ்சுவது கால்சியம் குளோரைடு என்ற உப்பு. ஏற்கெனவே உப்போடு போராடும் கடலோர நிலத்துக்கு அது இன்னொரு சுமை. ஒன்றிரண்டு கேன் ஊற்றினால் மண் அதைச் சட்டை பண்ணாது. சுண்ணாம்பு உள்ள மண் அமிலத்தை அப்படியே விழுங்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

உங்கள் ஆய்வு அட்டையில் மின் கடத்தும் திறனையும் சோடியம் அளவையும் பாருங்கள். உப்பு மட்டும் அதிகம் என்றால் அது உவர் நிலம். நல்ல தண்ணீர் கட்டி, வடிகால் எடுத்து உப்பைக் கழுவி இறக்குவதுதான் வழி. மழைக்காலத்தை வீணாக்காதீர்கள், வரப்பை உயர்த்துங்கள். சோடியம் மண்ணோடு ஒட்டியிருந்தால் அது களர். அதற்கு ஜிப்சம், அளவை ஆய்வு நிலையம் சொல்லும். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஆய்வு அட்டையோடு ஒரு தடவை போய் வாருங்கள். இரண்டு வகைக்கும் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவது நல்லது. பசுந்தாள் மக்கும்போது கிளம்பும் கரியமில வாயு, முதல் கேள்வியில் சொன்ன அதே கார்பானிக் அமிலமாக மாறி, மண்ணில் உள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கால்சியத்தை வெளியே விடும். 18,000 லிட்டர் ஆசிட்டால் செய்ய நினைத்ததன் ஒரு பங்கை ஒரு மூட்டைத் தக்கைப்பூண்டு விதை செலவில்லாமல் செய்யும். பொறுமை வேண்டும், ஒரு பருவத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: மருந்து அடிக்கும் தண்ணீரில் லெமன் சால்ட் போட்டால் மருந்து நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சில மருந்துகளுக்கு உண்மை. மாலத்தியான், டைமெத்தோயேட் போன்றவை காரத் தண்ணீரில் நின்றால் சிதைந்து வீரியம் குறையும். 8-க்கு மேல் காட்டும் கிணற்றுத் தண்ணீரை 6 அளவுக்கு இறக்கி, கலந்ததும் அடித்துவிடுவது நல்லது. முதல் கேள்வியில் பார்த்த தண்ணீர் போல இருந்தால் 10 லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் லெமன் சால்ட் போதும். இங்கே ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டவே வேண்டாம். பைகார்பனேட் தீர்ந்த அடுத்த சொட்டில் அது செங்குத்தாக இறங்கும், இலை கருகும்.

தாமிர மருந்துகளோடு மட்டும் லெமன் சால்ட்டைச் சேர்க்காதீர்கள். போர்டோக் கலவை என்பது 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். துத்தக் கரைசல் தானே அமிலத்தன்மை உள்ளது. சுண்ணாம்பு அதை மடக்கித் தாமிரத்தைக் கட்டி வைத்திருக்கிறது. அதில் அமிலம் விட்டால் கட்டு அவிழ்ந்து தாமிரம் இலையைச் சுட்டுவிடும். கலவை சரியாக வந்ததா என்று பார்க்கத் தாள் தேவையில்லை. நன்றாகத் தீட்டிய கத்தியைக் கலவையில் சில நிமிடம் விட்டு எடுங்கள். செம்பு நிறம் ஏறியிருந்தால் அமிலம் மிச்சம் இருக்கிறது, சுண்ணாம்புப் பால் இன்னும் கொஞ்சம் சேர்த்து மறுபடி பாருங்கள். ஏறாமல் பளபளவென்று இருந்தால் அடிக்கலாம். இரும்பு வாளியில் கலக்காதீர்கள், மண்பானையோ பிளாஸ்டிக் வாளியோ போதும்.

கேள்வி: பனை ஏறுகிறோம். கலயத்தில் சுண்ணாம்பு குறைத்துத் தடவினால் பதநீர் ருசியாக இருக்கிறது, ஆனால் கருப்பட்டி இறுகவில்லை. ஏன்?

பதில்: சுண்ணாம்பு குறைந்தால் கலயத்திலேயே நொதி வேலை தொடங்கி லாக்டிக், அசிட்டிக் அமிலங்கள் உண்டாகின்றன. இரண்டும் வலிமை குறைந்தவைதான், ஆனால் அடுப்பில் பதநீர் கொதிக்கும்போது சர்க்கரையை இரண்டாக உடைக்க அது போதும். உடைந்த சர்க்கரை கட்டியாகாமல் பாகாகவே நிற்கும். சுண்ணாம்பைக் கூட்டினால் இறுகும், ஆனால் அளவு மீறினால் கருப்பட்டி கறுத்துக் காரல் அடிக்கும். குடிக்கும் பதநீருக்கும் கருப்பட்டிப் பதநீருக்கும் தனித்தனிக் கலயம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கலயத்தைக் கழுவி நன்றாக வெயிலில் காயவைத்த பிறகு தடவுங்கள். பழைய புளிப்பு உள்ளே ஒட்டியிருந்தால் புதுச் சுண்ணாம்பில் பாதி அதற்கே செலவாகிவிடும்.